எலி அறையில் யாருடைய மூச்சு?

அத்தியாயம் 7

செத்துப்போன பிறகும் பேராசிரியர் வேலைக்கு வருவதை நிறுத்தவில்லை என்பதுதான் அந்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருடைய புகாரும். உயிரோடு இருந்தபோது பாதி நாள் தாமதமாக வந்தவர், போன பிறகு ஒரு நாள்கூட லீவு போடவில்லை. எலி அறைக்குள் யார் நுழைந்தாலும் பின்கழுத்தில் சில்லென்று ஒரு மூச்சு விடுகிறார். சுருதி சேராமல் ஏதோ முனகுகிறார். அதைப் பாட்டு என்றும் சொல்ல முடியாது, பாட்டு இல்லை என்றும் சொல்ல முடியாது. உயிரோடு இருந்த காலத்திலும் அவர் பாட்டைப் பற்றி இதே அபிப்பிராயம்தான் நிலவி வந்தது.

"அத்தை, பேய் கேஸ் எடுக்கறதில்லைன்னு போன மாசமே தீர்மானம் போட்டோம்," என்றான் மாப்பிள்ளை, மாடிப்படியில் பாதியில் நின்றுகொண்டு.

"நீங்க போட்டீங்க. நான் கை தூக்கல. ஏறுங்க."

மாமியார் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்யான நஷ்ட ஈட்டுக் கோரிக்கைகளைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவள். எரிந்துபோன கடையின் சாம்பலை முகர்ந்து பார்த்து, முதலாளி தீக்குச்சியை வலது கையால் கிழித்தாரா இடது கையால் கிழித்தாரா என்று சொல்லிவிடுவாள் என்பார்கள். ஓய்வு பெற்றதும் வீட்டில் இருப்பவர்களைத் துப்பறிய ஆரம்பித்தாள். தாங்க முடியாமல் மகள்தான் 'தனியார் துப்பறியும் நிலையம்' என்று ஒரு போர்டு எழுதி மாட்டி வெளியே அனுப்பினாள். வேலை போய் வீட்டில் சாய்ந்திருந்த தன் புருஷனையும் கையோடு அனுப்பிவிட்டாள். அன்றைக்கு வீடே இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னாளாம்.

மாப்பிள்ளையைத் திட்டும்போதும் மாமியார் 'ங்க' போட்டுத்தான் திட்டுவாள். மரியாதையும் குறையாது, திட்டும் குறையாது.

மேல்மாடித் தாழ்வாரத்தின் கோடியில் எலி அறை. கதவுக்கு வெளியே வரிசையாகச் செருப்புகள். அந்த வரிசையில் ஒரு ஜோடி தேய்ந்த ரப்பர் செருப்பு மட்டும் தனியாக இருந்தது. அதைச் சுற்றி ஒரு முழம் இடம் விட்டே மற்றவர்கள் தங்கள் செருப்பைக் கழற்றியிருந்தார்கள். யாருடையது என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்களே என்று பயம்.

எதிரே பெஞ்சில், வெள்ளைக் கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பேராசிரியரின் மனைவி. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லித் தருகிறவள். டீச்சர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கேஸ் கொடுத்ததும் அவள்தான்.

"தினமும் வந்து இங்க உட்காருவீங்களாமே?" என்றாள் மாமியார்.

"ஸ்கூல் விட்டதும் வருவேன். இன்னைக்கு அரை நாள் லீவு." டீச்சரின் கண் கதவிலேயே இருந்தது. "இங்க உட்கார்ந்தா கேக்கும்."

"என்ன கேக்கும்?" என்றான் மாப்பிள்ளை.

"அவர் முனகறது."

மாப்பிள்ளை தன் காதுகளை அங்கிருந்து அப்புறப்படுத்த முடியுமா என்று யோசித்தான். முடியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு முனகல் வந்துகொண்டுதான் இருந்தது. ம்ம்ம் என்று இழுத்து, கொஞ்சம் நின்று, மறுபடியும் இழுத்தது.

"சாயங்காலம் கூட்டம் போடறாங்க," என்றாள் டீச்சர். "இவர் புதுசா ஒரு ஊசி மருந்து கண்டுபிடிச்சிருந்தார். இவர் கையில இருந்தப்ப எலிங்களுக்குக் கட்டி அப்படியே கரைஞ்சுது. நெஞ்சுவலியில இவர் போன பிறகு அதே மருந்து, அதே ஜாதி எலி, ஒரு கட்டியும் கரையல. அதனால இவர் எழுதினதெல்லாம் பொய்னு இயக்குநர் அறிவிக்கப் போறாரு. சாம்பல் ஆறல, அதுக்குள்ள ஏமாத்துக்காரன்னு பேர்." குரல் உடையவில்லை. உடையாமல் இருக்க அவள் படுகிற பாடு தெரிந்தது. "சாயங்காலத்துக்குள்ள உண்மை தெரியணும். யாரோ கெடுத்திருக்காங்க."

"யாரோன்னா?"

"உள்ள இருக்கானே, ஸ்வெட்டர் போட்ட டாக்டர். இவர்கிட்டதான் வேலை கத்துக்கிட்டான். இப்ப இவர் நாற்காலி அவனுக்குத்தான்."

துக்க வீட்டில் பேச்சு நின்றுவிட்டால் மாப்பிள்ளைக்கு இருப்புக் கொள்ளாது. ஏதாவது நல்லதாகச் சொல்லியாக வேண்டும். "உங்க சால்வை நல்லா இருக்குங்க. வெள்ளையில அந்தச் சாம்பல் கட்டம் போட்ட டிசைன் எடுப்பா இருக்கு."

டீச்சர் அவனை ஒரு பார்வை பார்த்து, சால்வையைச் சுருட்டி மடிக்குள் இழுத்துக்கொண்டாள். "என் கையால பின்னினது," என்றாள். பாராட்டுக்குச் சொன்ன பதில்போல அது இல்லை.

மாமியார் மாப்பிள்ளையின் முழங்கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள்.

அந்த நேரம் பார்த்துத் தள்ளுவண்டியில் இரண்டு மூட்டைகளோடு வந்து சேர்ந்தார் ஸ்டோர்காரர். மூட்டையில் எலித் தீனி. முகத்தில் எலியையே விழுங்கியவர் போன்ற கடுப்பு.

"நீங்கதான் துப்பறியறவங்களா? முதல்ல என் கேஸைக் கண்டுபிடிங்க," என்றார். "யாரோ தீனி திருடறாங்க. எலி எண்ணிக்கை மாறல. மூட்டை மட்டும் முன்னைவிட வெரசா காலியாகுது. ஆபீஸ்ல எல்லாரும் என்னைப் பாக்கிறாங்க. எலித் தீனியைத் திருடி நான் என்ன பண்ணுவேன், டீயில தொட்டுச் சாப்பிடுவேனா?"

"எப்போலேருந்து இப்படி?" என்றாள் மாமியார்.

அவர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவர் போனதுலேருந்து."

"பேய்க்குப் பசிக்காதுங்களே," என்றான் மாப்பிள்ளை.

"சாதாரணப் பேய்க்குப் பசிக்காது. இவர் படிச்சவராச்சே!"

மாப்பிள்ளை சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தான். முனகல் ஒரு சுற்று கூடுதலாக இழுத்தது. வாயை மூடிக்கொண்டான்.

எலி அறைக்குள் போவதென்றால் சும்மா போய்விட முடியாது. முதலில் ஒரு சின்ன அறை. அங்கே தொப்பி, முகமூடி, கையுறை, காகிதத்தில் செய்தது போன்ற ஓர் அங்கி. எல்லாம் மாட்டி முடித்தபோது கண்ணாடியில் மாமியார் ஓர் அறுவை சிகிச்சை நிபுணர் போலவும், மாப்பிள்ளை அவர் கையில் சிக்கிய நோயாளி போலவும் தெரிந்தார்கள்.

உள்கதவு திறந்தது. வெளியே பட்டப்பகல். உள்ளே ராத்திரி.

எலிகளுக்கு இருட்டில்தான் சுறுசுறுப்பு, ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பகலில்தான் சம்பளம். அதனால் அங்கே பகலை அணைத்துவிட்டு ஒரு சிவப்பு விளக்கை மட்டும் எரியவிட்டிருந்தார்கள். சிவப்பு வெளிச்சம் எலிக் கண்ணுக்கு எட்டாதாம். மனிதக் கண்ணுக்கு எட்டத்தான் செய்தது. சுவர், அடுக்கடுக்கான கண்ணாடிக் கூண்டுகள், மாமியாரின் நெற்றி எல்லாமே ரத்தத்தில் கழுவி எடுத்தது போல இருந்தன. கூண்டுகளிலிருந்து ஓயாமல் ஒரு சரசரப்பு. நூறு பேர் ஒரே நேரத்தில் ரகசியமாகக் காகிதம் கிழிப்பது போல.

அடுக்குகளுக்கு நடுவிலிருந்து ஓர் உருவம் எழுந்தது. மாப்பிள்ளை மாமியாருக்குப் பின்னால் ஒதுங்கினான். அவள் அவனைவிட ஒரு சாண் குட்டை. அதனால் ஒதுங்கியும் புண்ணியமில்லை.

"பயப்படாதீங்க சார். நான் உயிரோடதான் இருக்கேன்," என்றது உருவம். அங்கிக்குள் முழுக்கை ஸ்வெட்டர். கழுத்து வரை இழுத்து விட்டிருந்தது.

"உள்ளேயும் ஸ்வெட்டரா?" என்றாள் மாமியார்.

"இங்கதான் மேடம் முக்கியமா வேணும். அவர் வர்றது முதல்ல முதுகுலதான் தெரியும்." ஸ்வெட்டர் டாக்டர் இதைத் தமாஷாகச் சொல்லவில்லை. பல நாளாகத் தூங்காத கண்கள். "நான் எதையும் கெடுக்கல மேடம். டீச்சர் என்னைப் பாக்கிற பார்வை எனக்குத் தெரியும். அவரை அப்பா மாதிரி நினைச்சிருந்தேன். இப்ப அந்த அப்பாவே பொய் சொல்லியிருக்கார்னு நம்பணுமா, இல்ல என் கை சரியில்லன்னு நம்பணுமான்னு தெரியல."

"மருந்து என்ன செய்யும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இவருக்கும் சேர்த்துன்னா இன்னும் கொஞ்சம் இறங்கி வந்து சொல்லுங்க."

டாக்டர் யோசித்தார். "மருந்து கட்டியைத் தொடவே தொடாது. நம்ம ரத்தத்துல போலீஸ்காரங்க மாதிரி சில வெள்ளை அணுக்கள் உண்டு. கட்டி அவங்க கண்ணைக் கட்டி வச்சிருக்கும். மருந்து அந்தத் துணியை அவிழ்த்து விடும். அவங்களே போய்க் கட்டியை அடிச்சு நொறுக்குவாங்க."

"இப்ப ஏன் நொறுக்கல?"

"கண்ணைத் திறந்து விட்டாச்சு மேடம். ஆனா வாசலோட நிக்கிறாங்க. கட்டியை வெட்டி மைக்ராஸ்கோப்ல பார்த்தேன். அதுக்குள்ள பாதி, கட்டியே இல்ல. நம்ம ஆளுங்க. அதே உடம்பு அனுப்பின வேற வகை அணுக்கள். அசல் வேலை காயம் ஆத்தறது. கட்டி அவங்ககிட்ட, 'நான் ஒரு காயம், என்னைப் பாத்துக்கோங்க'ன்னு நடிக்கும். அவங்களும் நம்பி அதுக்கு ரத்தக்குழாய் போட்டுக் குடுப்பாங்க. போலீஸ் வந்தா, 'உஷ், நோயாளி தூங்கறார், சத்தம் போடாதீங்க'ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

"கெட்ட எண்ணம் கிடையாது," என்றாள் மாமியார் மெதுவாக.

"கெட்ட எண்ணமே கிடையாது. அன்பாத்தான் செய்யறாங்க. அதனாலதான் பிடிக்கவே முடியல."

"அவங்க எப்போ நிறைய வருவாங்க?"

"உடம்பு எதுக்காவது அலறிக்கிட்டே இருந்தா வருவாங்க. வலி, பயம், அந்த மாதிரி."

"அப்போ கேஸ் முடிஞ்சுது," என்றான் மாப்பிள்ளை. "எலிங்க பேயைப் பாத்துப் பயந்திருக்கு. மருந்து கேக்கல. பேயை வேற ஊருக்கு மாத்திட்டா..."

வாக்கியம் முடியவில்லை. அவன் பின்கழுத்தில், தொப்பிக்கும் காலருக்கும் நடுவில் இருந்த அந்த இரண்டு விரல் இடத்தில், யாரோ மூச்சு விட்டார்கள்.

சில்லென்ற, நீளமான மூச்சு. கூடவே காதருகே ம்ம்ம் என்று ஒரு முனகல். மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. சிவப்பு இருட்டில் ஒரு காலி ஸ்டூல் மட்டும் இருந்தது.

"அது அவர் உட்கார்ற ஸ்டூல்," என்றார் டாக்டர். "யாரும் நகர்த்தல."

"அத்தை, என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடுங்க..."

"எதையும் சொல்ல மாட்டேன். அப்படியே ரெண்டடி இந்தப் பக்கம் வாங்க. இப்ப மூச்சு வருதா?"

"இல்ல."

"திரும்பிப் போங்க."

"அத்தை!"

"போங்க மாப்பிள்ளை."

போனான். வந்தது. விலகினான். நின்றது. கதவுப் பக்கம் போனான், ஜன்னல் இல்லாத சுவர்ப் பக்கம் போனான், எங்கேயும் மூச்சில்லை. ஸ்டூலுக்கு மேலே, பேராசிரியரின் பழைய அடுக்குக்கு முன்னால் மட்டும் ஆள் தயாராகக் காத்திருந்தார்.

"ரொம்ப ஒழுங்கான ஆவி," என்றாள் மாமியார். "தன் இடத்தை விட்டு நகரவே மாட்டேங்குதே." கூண்டுகளுக்கு முன்னால் குனிந்தாள். "இந்த எலிங்க ஏன் இப்படிப் படுத்திருக்கு?"

மாப்பிள்ளையும் குனிந்து பார்த்தான். ஒவ்வொரு கூண்டிலும் காகிதத்தையும் பஞ்சையும் கிழித்துக் கிழித்து ஒரு பந்து போலக் கூடு கட்டி, அதற்குள் எல்லா எலிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அப்பிக்கொண்டிருந்தன. "கடைசி பஸ்ல இடம் கிடைச்ச ஜனங்க மாதிரி இருக்கு."

அதைச் சொல்லிக்கொண்டே அடுக்கின் கோடிக்குப் போனவனுக்குக் காலில் ஏதோ தட்டியது. மூலையில் மருந்து வைக்கும் குளிர்பெட்டி. அதன் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே, துண்டு போட்டு மூடி, ஒரு கூண்டு.

"இது என்ன?"

"அதைத் தொடாதீங்க!" டாக்டரின் குரல் கீச்சென்று வந்தது.

அதற்குள் மாப்பிள்ளை துண்டை எடுத்துவிட்டான். டாக்டர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். முகமூடிக்கு மேலே தெரிந்த கொஞ்ச முகமும் வெளுத்துப்போனது. அந்தச் சிவப்பிலும் அது தெரிந்தது.

"ஆள் மாட்டிக்கிட்டான் அத்தை! ஒளிச்சு வச்சிருக்கான்!"

"இந்த எலிகளுக்குக் கட்டி எங்கே?" என்றாள் மாமியார்.

டாக்டர் துண்டை வாங்கி மடித்தார். பிறகு, "கரைஞ்சுக்கிட்டு வருது," என்றார்.

"மருந்து கேட்ட எலியை இங்க ஒளிச்சு வச்சுட்டு, கேக்கலன்னு இயக்குநர்கிட்ட சொன்னீங்களா?"

"தப்பு நடந்திருக்கும்னு நினைச்சேன் மேடம்! அத்தனை கூண்டுலயும் கரையல. இது ஒண்ணுல மட்டும் கரையுதுன்னா நான்தான் ஊசியை மாத்திப் போட்டிருப்பேன். அடுக்குல இடம் இல்லாம இதை மட்டும் முதல்லேருந்தே இந்தக் குளிர்பெட்டிக்குப் பின்னால வச்சிருந்தேன். ஒத்து வராத கூண்டைக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு விட்டுட்டேன். இங்க எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க." குரல் தேய்ந்தது. "அப்புறம் ஒரு பயம் வந்துடுச்சு. அவர்தான் வந்து இந்த ஒரு கூண்டுக்கு மட்டும் ஊசி போடறாரோன்னு. அதனால மூடி வச்சேன்."

"போலீஸைக் கூப்பிடவா அத்தை?" என்றான் மாப்பிள்ளை.

மாமியார் பதில் சொல்லாமல் கையுறையைக் கழற்றினாள். டாக்டர் தடுக்கப் பார்த்தார். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். கூண்டின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு அடுக்கில் இருந்த ஒரு கூண்டின் மேல் வைத்தாள். குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பது போல மாறி மாறி வைத்தாள்.

"மாப்பிள்ளை, இதுல எலிங்க எப்படிப் படுத்திருக்கு?"

"கால் நீட்டி, வயிறு தெரிய. ஞாயித்துக்கிழமை நான் படுக்கிற மாதிரி."

"தினமும் நீங்க படுக்கிற மாதிரி. ஏன்னு கேளுங்க. குளிர்பெட்டி உள்ள குளிரா இருந்தா, பின்பக்கம் எப்படி இருக்கும்?"

மாப்பிள்ளை கையை நீட்டினான். மோட்டார் வெதுவெதுப்பாக ஊதிக்கொண்டிருந்தது.

"ஸ்டூல் மேல ஏறுங்க," என்றாள் மாமியார்.

அந்த ஸ்டூலில் ஏறியதை அவன் பிற்காலத்தில் பலரிடம் பலவிதமாகச் சொன்னான். உண்மை என்னவென்றால், ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தான். முகத்தில் மூச்சு அறைந்தது. முனகல் இப்போது காதுக்குள்ளேயே கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தான். மூக்குக்கு நேராக, கூரையில், ஏசி காற்று வருகிற துவாரம். அதில் சதுரம் சதுரமாகக் கம்பி வலை. கையை விரித்து வலையின் மேல் வைத்தான். முனகல் பாதியில் திணறியது. கையை எடுத்தான். மறுபடியும் ம்ம்ம்.

"அத்தை, பேயோட வாயைப் பொத்திட்டேன்!"

"வாயில ஏதாவது சிக்கியிருக்கா பாருங்க."

ஒரு கம்பியில் ஓர் இழை சிக்கியிருந்தது. எடுத்துக் கீழே நீட்டினான். வெள்ளைக் கம்பளி நூல். "இந்த இருட்டுல யாருக்கும் தெரியாம இங்க கம்பளி அடைச்சு வச்சிருந்திருக்கு, இப்ப அது இல்ல," என்றாள் மாமியார்.

"ஆனா தெர்மாமீட்டர் சரியாத்தானே காட்டுது மேடம்?" என்றார் டாக்டர். "அவர் காலத்திலயும் அதே அளவு, இப்பவும் அதே அளவு."

"தெர்மாமீட்டர் எங்க மாட்டியிருக்கு?"

"கதவு பக்கத்துல."

"எலி எங்க இருக்கு?"

டாக்டர் ஸ்டூலின் காலடியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "குளிர்," என்றார். "உள்ளங்கை அளவு உடம்பு. நமக்கு இதமா இருக்கிற அறையே அதுக்குக் குளிரு. மேலேருந்து காத்து வேற அடிச்சா நாள் பூரா அலறிக்கிட்டுத்தான் இருக்கும். சூட்டைக் காப்பாத்திக்கத்தான் தின்னு தீர்க்குது, ஸ்டோர்ல யாரும் திருடல. ரத்தத்துல பதற்றம். போலீஸ் அணு மந்தமாயிடும், ஆத்தற அணு கூட்டம் கூட்டமா கட்டிக்குள்ள போகும். மருந்து பாவம் என்ன செய்யும்?" தலையை நிமிர்த்தினார். "அப்போ அவர் இதைக் கண்டுபிடிச்சுத்தான் துவாரத்தை அடைச்சாரா?"

"அவர் தலையில முடி உண்டா?"

"சுத்த வழுக்கை மேடம்."

"அப்போ எலிக்காக அடைக்கல. தன் மண்டைக்காக அடைச்சிருக்கார். மனுஷன் தனக்காகச் செஞ்சுக்கிறதை அறிக்கையில எழுத மாட்டான். நாற்காலியில தலகாணி வச்சுக்கிட்டு உட்கார்ந்து வேலை பாத்தேன்னு நானும் எங்கேயும் எழுதினதில்ல."

"அப்போ அதை எடுத்தவன்தான் குற்றவாளி," என்றான் மாப்பிள்ளை, ஸ்டூல் மேலிருந்தே. உயரத்தில் இருந்ததால் குரலுக்கு ஒரு தீர்ப்புக் களை வந்திருந்தது. "யார் எடுத்தது?"

மாமியார் அந்த நூலிழையை விரலில் சுற்றிக்கொண்டாள். துப்புக் கிடைத்துவிட்டால் அவள் முகத்தில் ஒரு பொலிவு வரும். அது வரவில்லை.

"மாப்பிள்ளை, வந்ததும் ஒரு முட்டாள்தனமான பேச்சு பேசினீங்களே, அதைத் திருப்பிச் சொல்லுங்க."

"எதை அத்தை? நிறைய இருக்கே."

"டீச்சர்கிட்ட பேசினது."

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். தலைக்கு மேலே இருந்த சதுரக் கம்பி வலையைப் பார்த்தான். ஒவ்வொரு கம்பியிலும் சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருந்தது. பேசாமல் ஸ்டூலிலிருந்து இறங்கினான்.

தாழ்வாரத்தில் டீச்சர் அதே இடத்தில் இருந்தாள். வெளிச்சம் சாயத் தொடங்கியிருந்தது. கீழே, கூட்டத்துக்கு நாற்காலி போடுகிற சத்தம்.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேஸ் முடிவை நின்றுகொண்டே சொல்லிப் பழக்கப்பட்டவள், அன்று உட்கார்ந்து சொன்னாள்.

"கையால பின்றவங்க டிசைனை நூல்ல போடுவாங்க. உங்க சால்வையில கட்டம் தூசியில இருக்கு டீச்சர். துவைக்காம வச்சிருக்கீங்க."

டீச்சர் மடியைப் பார்த்தாள். "துவைச்சா வாசனை போயிடும்."

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"அவர் சாமானை எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னாங்க. உள்ள போனேன். ஒரு குளிர்காலம் பூரா உட்கார்ந்து இதைப் பின்னினேன். வீட்டுல ஒரு நாள் போட்டதில்ல. ஆபீஸ்ல போட்டுக்கறேன்னு எடுத்துட்டுப் போனார். நம்பினேன். போய்ப் பாத்தா, கூரையில ஓட்டை அடைக்கத் திணிச்சு வச்சிருக்கார். கந்தல் துணி மாதிரி." சால்வையை உதறப் போனவள் மறுபடியும் மடியிலேயே வைத்துக்கொண்டாள். "நானே ஸ்டூல்ல ஏறிப் பிடுங்கினேன். யார்கிட்ட போய்ச் சொல்றது? செத்தவர்கிட்ட சண்டை போட முடியுமா? முகத்துல வச்சுக்கிட்டுப் படுத்தா அவர் வாசனை வருது. திட்டிக்கிட்டே தூங்குவேன்."

"எலி வாசனைதாங்க அது," என்றான் மாப்பிள்ளை. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"தெரியும் தம்பி. எனக்குக் கல்யாணமான நாள்லேருந்து அவர்கிட்ட அந்த வாசனைதான்."

மாமியார் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னாள். குளிரை, எலிகளை, குளிர்பெட்டிக்குப் பின்னால் இருந்த அந்த ஒரு கூண்டை. அவர் எழுதினதில் ஒரு பொய்யும் இல்லை. ஒரு சால்வை மட்டும் விட்டுப்போயிருந்தது. சொல்லி முடித்தபோது டீச்சரின் கை சால்வையை இறுகப் பிடித்திருந்தது.

"அப்போ நான்தான்," என்றாள். "அவரை ஏமாத்துக்காரர் ஆக்கினது நான்தான்."

"நீங்க ஆசையா எடுத்தீங்க. அவர் குளிருக்கு அடைச்சார். உள்ள இருக்கிற டாக்டர் தம்பி பயத்துல கூண்டை மூடி வச்சார். ஒருத்தர்கிட்டயும் கெட்ட எண்ணம் இல்ல," என்றாள் மாமியார். "இன்ஷூரன்ஸ்ல இப்படி ஒரு கேஸ் எனக்கு வந்ததே இல்ல."

ஸ்வெட்டர் டாக்டர் அந்த ஒற்றைக் கூண்டை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்தார். அதன் மேல் தன் ஸ்வெட்டரையே கழற்றிப் போர்த்தியிருந்தார். "கூட்டத்துக்கு இதைக் கொண்டுபோறேன் டீச்சர். ஒளிச்சு வச்சது நான்னு சொல்லிடறேன். ஒரு கூண்டு போதாது. சால்வையோட ஒரு தடவை, சால்வை இல்லாம ஒரு தடவை, எல்லாத்தையும் மறுபடியும் செஞ்சு காட்டணும். அதுவரைக்கும் அவரை ஏமாத்துக்காரர்னு சொல்ல அவங்களுக்கு வாய் வராது." கொஞ்சம் தயங்கினார். "ஆஸ்பத்திரியிலும் இந்த மாதிரி ஊசி கேக்காத நோயாளிங்க இருக்காங்க. அவங்க உடம்பு எதுக்கு அலறுதுன்னு யாரும் கேட்டதில்ல. இனிமே கேக்கணும். ஆனா அந்தச் சால்வை..."

"அதே சால்வைதான் வேணுமா? வேற துணி ஆகாதா?" டீச்சர் கேட்டது கெஞ்சல் போல இருந்தது.

"வேற துணி வச்சா, அது வேற பரிசோதனைன்னு சொல்லிடுவாங்க."

கதவுக்கு அந்தப் பக்கம் முனகல் இழுத்தது. டீச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டாள். அந்தத் துவாரத்தை அடைத்தால் அதுவும் நின்றுவிடும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பூகோளம் சொல்லித் தருகிறவளுக்குக் காற்றைப் பற்றி யார் சொல்ல வேண்டும்?

அங்கி, தொப்பி, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு அவளே உள்ளே போனாள். மாப்பிள்ளை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டான். சிவப்பு இருட்டில் அவள் மேலே ஏறி நிற்க, மூச்சு அவள் முகத்தில் விழுந்தது. நகராமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அவள் என்னவோ சொன்னாள். சண்டையா சமாதானமா என்று மாப்பிள்ளைக்குக் கேட்கவில்லை. அவனும் ஒட்டுக் கேட்கவில்லை. அவன் வாழ்க்கையில் அது முதல் தடவை.

பிறகு சால்வையை மடித்து, தூசிக் கட்டம் கம்பிக் கட்டத்தோடு பொருந்துகிற மாதிரி வைத்து, ஓரங்களைத் திணித்தாள்.

முனகல் பாதியில் நின்றது.

அந்த அறையில் அப்படி ஒரு அமைதி இருந்திருக்கிறது என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. எலிகளின் சரசரப்புக்கூட ஒரு கணம் அடங்கிவிட்டது போலிருந்தது. டீச்சர் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். வெறும் தோளை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"போயிட்டார்," என்றாள்.

யாரும் மறுக்கவில்லை. வாசலில் நின்ற மாமியார், "மாப்பிள்ளை, உங்க கோட்டைக் கழட்டுங்க," என்றாள். அவனும் அங்கியை விலக்கி, கோட்டைக் கழற்றி டீச்சரின் தோளில் போட்டான்.

எல்லோரும் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். கூண்டோடு மாடிப்படிக்குத் திரும்பிய டாக்டர் நின்றார். "அறிக்கையில இதைச் சேர்க்கணும். என்னன்னு எழுத? துவாரம் அடைக்க உபயோகித்த துணி?"

டீச்சர் கோட்டை இழுத்துப் பொத்தான் போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் தப்பு விடை எழுதிய பையனைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள்.

"கம்பளிச் சால்வைன்னு எழுதுங்க," என்றாள். "மனைவி பின்னினது. அதையும் எழுதணும்."

பெஞ்சுக்கு அவள் திரும்பிப் போகவில்லை. குனிந்து, அந்தத் தேய்ந்த ரப்பர் செருப்பை எடுத்துக் கையில் இடுக்கிக்கொண்டு, டாக்டருக்கு முன்னால் படி இறங்கினாள், கூட்டத்துக்கு.